பாரிஸிலிருந்து மார்செய்க்கு டிஜிவி: அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்ட அனுபவம்

பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவிக்கு டிக்கெட் எடுக்க உட்காருகிற நம்மவர்கள் முதலில் மறக்க வேண்டியது வெயிட்டிங் லிஸ்ட்டை. ஆர்ஏசி கிடையாது, தட்கல் கிடையாது, சார்ட் போட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் கிடையாது. ஆளுக்கு ஒரு சீட், அந்த சீட்டுக்கு ஒரு டிக்கெட். தீர்ந்தால் தீர்ந்ததுதான். கட்டணமும் கிலோமீட்டர் கணக்கில் நிற்காது. என்ன கிழமை, எத்தனை மணி, இன்னும் எவ்வளவு சீட் மிச்சம் என்பதைப் பார்த்து விமான டிக்கெட் போல ஏறிக்கொண்டே போகும்.

நான் பாரிஸ் புறநகரில் வேலையில் இருக்கிறேன். தம்பி மார்செய்யில் படிக்கிறான். அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து ஏப்ரலில் வருவதாக முடிவானதும் அவனைப் போய்ப் பார்க்கும் பயணத்தைத்தான் முதலில் திட்டமிட்டோம். “இப்பவே வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டு வைம்மா, எப்படியும் கன்ஃபர்ம் ஆயிடும்” என்றார் அப்பா போனில். ஐஆர்சிடிசியில் பழகிய கை, வேறு எப்படிச் சொல்லும்? இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த ஊரில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் நிறைய. டிக்கெட் போடுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

ரயிலைத் தேடுவதற்கு முன் ஸ்டேஷனைத் தேடுங்கள். பணம், நேரம், அலைச்சல் மூன்றும் அதில்தான் தீர்மானமாகின்றன. பாரிஸில் ஒரே ‘சென்ட்ரல்’ இல்லை. லியோன், மார்செய் என்று தென்கிழக்குக்குப் போகிற வண்டிகள் கார் து லியோனிலிருந்து கிளம்பும். போர்தோ, நாந்த், ரேன் பக்கம் போக மோன்பர்நாஸ். ஸ்ட்ராஸ்பூர்குக்கு கார் து லெஸ்ட். லீலுக்கு கார் து நோர். ‘கார் து லியோன்’ என்ற பெயரைப் பார்த்து அது லியோன் நகரத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிற புதியவர்கள் உண்டு. அது பாரிஸில் இருக்கும் ஸ்டேஷன்தான்.

இறங்கும் ஊரிலும் இதே கவனம் வேண்டும். பெயரோடு ‘டிஜிவி’ என்று ஒட்டியிருந்தால் அந்த ஸ்டேஷன் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். அதிவேகப் பாதையை ஊர்களுக்குள் வளைத்துக் கொண்டுபோக முடியாததால் வயல்வெளியில் ஸ்டேஷன் கட்டியிருக்கிறார்கள். அவிஞ்யோன் டிஜிவியில் இறங்கினால் கோட்டைச்சுவருக்குள் இருக்கும் பழைய நகரத்துக்குப் போக அவிஞ்யோன் சான்த்ருக்கு இன்னொரு சிறு ரயில் பிடிக்க வேண்டும். எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் டிஜிவியிலிருந்து ஊருக்குள் பேருந்தில்தான் போக வேண்டும். லியோனில் பார் தியூவும் பெராஷும் நகருக்குள் இருக்கின்றன. சான் எக்ஸுபெரி என்று போட்டிருந்தால் அது விமான நிலையம். விலை குறைந்த வண்டிகளில் சில இப்படி ஓரத்து ஸ்டேஷன்களில் கிளம்பும், அல்லது அங்கே கொண்டுபோய் இறக்கும். பாரிஸுக்குப் பதில் மார்ன்-லா-வலே ஷெசி என்று வந்தால் அது டிஸ்னிலாந்து வாசல். அங்கே போய்ச்சேர ஆகும் நேரத்தையும் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்காமல் ‘மலிவு’ என்று சொல்ல முடியாது. மார்செய்யில் சான் ஷார்ல் நகருக்குள்ளேயே இருப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

விமானத்தில் வந்து இறங்கிய கையோடு வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஷார்ல் து கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கு உள்ளேயே டிஜிவி ஸ்டேஷன் இருக்கிறது. பாரிஸுக்குள் நுழையாமலே லியோனுக்கும் மார்செய்க்கும் நேரடி வண்டிகள் உண்டு. விமானம் தாமதமானால் ரயில் காத்திருக்காது என்பதுதான் இதில் கவலை. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வருவது எல்லாம் சேர்த்து குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். டிக்கெட்டும் மாற்றக்கூடியதாக இருக்கட்டும். அப்பா அம்மாவை நேரே மார்செய்க்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். துபாயில் மாறி, விடிய விடிய உட்கார்ந்து வந்தவர்களை மறுபடி ரயிலில் ஏற்ற மனம் வரவில்லை.

அடுத்தது நாள். பிரான்ஸின் பள்ளி விடுமுறைகள் ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்து விடப்படுகின்றன. பாரிஸ் சி, மார்செய் பி, லியோன் ஏ. நாம் இருக்கிற ஊரில் பள்ளி நடக்கிறது என்பதால் ரயில் காலியாக இருக்கும் என்று எண்ண முடியாது. போகிற ஊரில் விடுமுறை தொடங்கும் வாரமாக இருக்கலாம். பிப்ரவரி விடுமுறையில் பனிச்சறுக்குக்குப் போகும் கூட்டம் கார் து லியோனை நிறைத்துவிடும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் எப்போதுமே விலை அதிகம். அம்மாவுக்கு வேலை நாள், விடுமுறை என்ற கட்டு இல்லை. எனக்குத்தான் லீவு வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியை ஒட்டிய வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அதே வாரம் வெள்ளி மாலை வண்டியின் விலையைப் பார்த்தபோது ஒரு நாள் கூடுதலாக லீவு எடுப்பதே லாபம் என்று தெரிந்தது.

டிக்கெட் விற்பனை பொதுவாகப் பல மாதங்களுக்கு முன்பே திறக்கிறது. ஆனால் தினமும் ஒரு நாளாகத் திறப்பதில்லை; வாரக்கணக்கில் தொகுதி தொகுதியாகத் திறப்பார்கள். பிரான்ஸ் அரசு ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப்பின் ‘எஸ்என்சிஎஃப் கனெக்ட்’ செயலியில், நாம் கேட்கும் தேதிக்கு விற்பனை திறந்ததும் தகவல் அனுப்பச் சொல்லி வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்தேன். தகவல் வந்த அன்று காலையிலேயே எடுத்துவிட்டேன். சில வாரம் கழித்து, ஆசைக்கு அதே வண்டியைத் திறந்து பார்த்தேன். விலை இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. முன்கூட்டி எடுக்கத் தயங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சாதாரண டிஜிவி இனுயி டிக்கெட்டைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை கட்டணமில்லாமல் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அதற்குப் பிறகு பிடித்தம் உண்டு. வாங்கும் பக்கத்தில் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்த வண்டி என்பதில் மூன்று வழிகள். முதலாவது, எஸ்என்சிஎஃப்பின் வழக்கமான டிஜிவி இனுயி. இரண்டாவது, அதே எஸ்என்சிஎஃப் 2013-இல் தொடங்கிய மலிவுச் சேவையான விகோ. அதில் ஒரு கைப்பையும் சிறிய கேபின் பை ஒன்றும்தான் டிக்கெட்டோடு வரும். பெரிய பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், வண்டிக்குள் உணவகம் இல்லை. மூன்றாவது, இத்தாலியின் ட்ரெனிடாலியா. 2021 டிசம்பரிலிருந்து பாரிஸ்–லியோன் பாதையிலும், 2025 ஜூனிலிருந்து பாரிஸ்–மார்செய் பாதையிலும் ஓட்டுகிறார்கள். அவர்கள் வண்டி எஸ்என்சிஎஃப் கனெக்ட்டில் தெரியாது. அவர்கள் தளத்திலோ, எல்லா நிறுவன டிக்கெட்டையும் விற்கும் தளங்களிலோதான் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட தளங்களில் சில, கடைசித் திரையில் சேவைக் கட்டணம் சேர்க்கும். விலையை ஒப்பிட அங்கே பாருங்கள், வாங்குவதை ரயில் ஓட்டுகிறவரிடமே வாங்குங்கள். மாற்றம், ரத்து, தாமத இழப்பீடு என்று வரும்போது நடுவில் இன்னொருவர் இல்லாமலிருப்பது பெரிய நிம்மதி.

மாணவனாகத் தனியே போகும் தம்பிக்கு விகோதான் சரி. ஒரு முதுகுப்பையோடு கிளம்பிவிடுகிறான். முட்டிவலியோடு அம்மா, ஊறுகாய் பாட்டிலும் முறுக்கு டப்பாவுமாக இரண்டு பெட்டி என்றால் இனுயிதான். சில யூரோ மிச்சத்துக்காக அவர்களை இறுக்கமான இருக்கையில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இனுயியிலும் 2024-இலிருந்து அளவு உண்டு: ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை, பெட்டி 70 × 90 × 50 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டியில் பெயர் எழுதிய சீட்டு தொங்க வேண்டும். விமானத்தில் போட்ட சீட்டைக் கிழிக்காமல் பெயரை மட்டும் தெளிவாக எழுதிவைத்தோம்.

தள்ளுபடி அட்டை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ‘கார்த் அவந்தாஜ்’ என்பது ஓராண்டு அட்டை, விலை 49 யூரோ. 12 முதல் 27 வயது வரை இளையோர் அட்டை, 60 வயதுக்கு மேல் மூத்தோர் அட்டை, நடுவில் இருக்கிறவர்களுக்கு வார இறுதி நிபந்தனையோடு ஒன்று. பொதுவாக 30 சதவீதத் தள்ளுபடி. அப்பாவும் அம்மாவும் அறுபதைத் தாண்டியவர்கள், அட்டை எடுக்கலாமா? கணக்குப் போடுங்கள்: 49 யூரோவை 30 சதவீதத்தால் திரும்பப் பெற, ஒருவருடைய டிக்கெட்டுகளின் மொத்த விலை 163 யூரோவைத் தாண்ட வேண்டும். முன்கூட்டி எடுத்த எங்கள் போக வர டிக்கெட் அந்த அளவு வரவில்லை, அட்டை எடுக்கவில்லை. ஸ்ட்ராஸ்பூர், லியோன் என்று இன்னும் இரண்டு ஊர் சுற்றுவதாக இருந்தால் எடுத்திருப்பேன். மாதம் ஒரு முறை பாரிஸ் வரும் தம்பியிடம் இளையோர் அட்டை இருக்கிறது, ஆனால் அது விகோவில் செல்லாது என்பதால் இரண்டு விலையையும் பார்த்துத்தான் எடுக்கிறான். பல ஐரோப்பிய நாடுகளில் செல்லும் யூரெயில் ரயில் பாஸ் வாங்கி வருகிறவர்கள் கவனிக்க: பாஸ் இருந்தாலும் டிஜிவியில் சீட் முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம், பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டும் அளவுதான்.

பெயர் எழுதும் இடத்தில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவார்கள். படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ‘ஆர்’ என்று ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயராகப் போட்டால் சில தளங்கள் ஏற்காது. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் சர்நேம் என்று இருப்பதை அப்படியே எழுதுங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறவர்கள் தந்தை பெயரை விரித்து எழுதலாம், அல்லது விமான டிக்கெட்டில் எப்படி வந்ததோ அப்படியே போடலாம். டிக்கெட் பெயருக்கு உரியது. பரிசோதகர் அடையாளம் கேட்டால் காட்ட வேண்டியது பாஸ்போர்ட். பிறந்த தேதியும் கேட்கும், வயதை வைத்துத்தான் கட்டணம். அப்பாவுக்கு பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதி, வீட்டில் சொல்லும் தேதி வேறு. போட வேண்டியது பாஸ்போர்ட் தேதிதான்.

இந்தியாவிலிருந்தே பணம் கட்டுகிறவர்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. ஓடிபி வரும் எண்ணும் கையில் இருக்க வேண்டும். வந்து இறங்கியபின் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், இந்திய சிம்முக்கு ரோமிங் இல்லாமல் ஓடிபி வராமல் நிற்கும்.

சீட் தேர்வில் ஒரு நல்ல வசதி, மாடியா கீழ்த்தளமா என்று கேட்கிறார்கள். தென்கிழக்குப் பாதையில் ஓடுபவை பெரும்பாலும் 1996-இல் அறிமுகமான இரட்டை அடுக்கு வகை வண்டிகள். எல்லோரும் மாடியைத்தான் கேட்பார்கள், காட்சி அங்கேதான். ஆனால் படி வளைந்து ஏறும். முட்டிவலிக்காரர்களுக்குக் கீழ்த்தளம் போடுங்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி மாடியில் மட்டும்தான் என்பதால் கீழே உட்காருகிறவர்கள் உணவகத்துக்குப் போக எப்படியும் படியேற வேண்டும். அம்மா புளியோதரை கட்டிவிட்டார், பிரச்சினை தீர்ந்தது. சாப்பாடு கொண்டுபோக எந்தத் தடையும் இல்லை. நால்வர் எதிரெதிரே உட்காரும் ‘காரே’ இருக்கைகள் குடும்பத்துக்கு ஏற்றவை. நடுவில் மேசை உண்டு, கால் நீட்டத்தான் இடம் குறைவு.

புறப்படும் நாள் காலை. கார் து லியோனில் பிளாட்பாரம் எதுவென்று முன்கூட்டியே தெரியாது. வண்டி கிளம்ப ஏறக்குறைய இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் வரும். முதல் கூடத்தில் பிளாட்பாரங்களுக்கு எழுத்து, இரண்டாவது கூடத்தில் எண். எனவே பலகையில் ஜே, கே, எல் என்று எழுத்து வந்தால் மணிக்கூண்டுப் பக்கம் இருக்கும் கூடம். 15, 19 என்று எண் வந்தால் அடுத்த கூடம். இரண்டுக்கும் இடையில் நடக்கச் சில நிமிடம் ஆகும். அந்த எழுத்து பலகையில் விழுந்த நொடியில், அதுவரை தலையைத் தூக்கியபடி சிலையாக நின்ற மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் திரும்பி நடக்கத் தொடங்கும். அப்பா பயந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஓடாதீங்கப்பா, நம்ம சீட் நமக்குத்தான். கதவு மூடுறது கிளம்பறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான்” என்றேன். உண்மையில் பதற்றமே தேவையில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடக் கணக்கு கறாரானது. பத்து மணி வண்டிக்கு 9:59-க்கு வந்தால் வண்டி நிற்பதைப் பார்க்கலாம், ஏற முடியாது. வாசலில் கியூஆர் கோடைக் காட்டினால் கதவு திறக்கும். இருவர் டிக்கெட்டையும் தனித்தனிப் படமாக அவரவர் போனில் போட்டு வைத்திருந்தேன், நெட் இல்லாவிட்டாலும் திறக்க.

நீளமான வண்டி என்பது பல நேரம் இரண்டு வண்டிகளை ஒட்டியதுதான். ஒவ்வொன்றும் 200 மீட்டர், சேர்ந்தால் 400. ஒன்றில் 1 முதல் 8 வரை பெட்டிகள், மற்றதில் 11 முதல் 18 வரை. உள்ளே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வழி இல்லை. சில பாதைகளில் நடுவழியில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போய்விடும். ரேன் வரை ஒன்றாகப் போய் அங்கே பிரெஸ்ட்டுக்கும் கெம்பேருக்கும் பிரிகிற வண்டிகள் உண்டு. நம் ஊரில் போல முதலில் ஏறிவிட்டு உள்ளே நடந்து தேடலாம் என்பது இங்கே நடக்காது. பெட்டி எண்ணைப் பார்த்து, பிளாட்பாரத்தில் தொங்கும் எழுத்துக் குறிகளில் நம் பெட்டி எந்த எழுத்தருகே நிற்கும் என்று பலகையில் பார்த்து, அங்கே போய் ஏறுங்கள். எங்களுக்கு 16-ஆம் பெட்டி. கடைசி வரை நடந்தோம். அம்மாவுக்காக இரண்டு முறை நின்றோம், நேரம் போதுமானதாக இருந்தது.

வண்டி கிளம்பியதும் அப்பா போனில் வேகம் பார்க்க ஆரம்பித்தார். 300-ஐத் தொட்டபோது மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினார், அது அசையவில்லை. 750 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். “எழும்பூர்ல இருந்து கன்னியாகுமரி தூரம்டி இது” என்று அம்மாவிடம் சொன்னார். இந்தப் பாதையின் வடக்குப் பகுதிதான் 1981-இல் திறந்த பிரான்ஸின் முதல் அதிவேகப் பாதை. மார்செய் வரையிலான தெற்குப் பகுதி 2001-இல் வந்தது. காட்சிக்காக விழித்திருக்க வேண்டியது கடைசி ஒரு மணி நேரம். அவிஞ்யோன் அருகே ரோன் ஆற்றைக் கடக்கும் பாலம், எக்ஸ் டிஜிவியை ஒட்டி இடப்பக்கம் தெரியும் சான்த் விக்துவார் மலை, பிறகு மார்செய்க்கு முன் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம். போன் பேச வேண்டுமென்றால் பெட்டிகளுக்கு இடைப்பட்ட வாசல் பகுதிக்குப் போய்ப் பேசுவதுதான் இங்கே வழக்கம். வீடியோ கால் வந்தபோது அம்மா தானாகவே எழுந்து போனதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

தாமதமும் வேலைநிறுத்தமும் பிரான்ஸ் பயணத்தின் பகுதி, திட்டத்திலேயே இடம் விடுங்கள். 2007 சட்டப்படி வேலைநிறுத்தத்தில் சேரும் ஊழியர்கள் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். அதனால் எந்த வண்டி ஓடும் என்பது முந்தின நாள் மாலைக்குள் தெரிந்துவிடும். வண்டி ரத்தானால் பணம் திரும்பும், அல்லது வேறு வண்டிக்கு மாற்றலாம். இனுயி 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம் இழப்பீடு, இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50, மூன்றைத் தாண்டினால் 75. அது தானாக வராது, இணையத்தில் நாம்தான் கேட்க வேண்டும். டிக்கெட்டை அழிக்காமல் வைத்திருங்கள். திரும்பி வந்து ஊருக்கு விமானம் ஏற வேண்டியவர்கள் அதே நாளில் ரயிலை வைக்காதீர்கள். ஒரு நாள் முன்பே பாரிஸ் வந்துவிடுங்கள்.

சான் ஷார்லில் இறங்கியதும் எதிரே 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு, தூரத்தில் குன்றின் மேல் நோத்ர்-தாம் து லா கார்த் தேவாலயம். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு இறங்க வேண்டாம். ஸ்டேஷனுக்குக் கீழேயே மெட்ரோ இருக்கிறது. தம்பி எங்களை அந்த வழியில்தான் கூட்டிப்போனான்.

திரும்புவதற்கு மார்செய்யிலிருந்து எடுக்கவில்லை. இங்கே போக வர சேர்த்து எடுப்பதால் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அதனால் வேறு ஸ்டேஷனிலிருந்து திரும்புவதிலும் நஷ்டமில்லை. கடைசி நாள் எக்ஸ் நகரத்தைக் காட்ட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான், அங்கேயிருந்து மறுபடி மார்செய் வருவது வீண் அலைச்சல். எக்ஸ் டிஜிவியிலிருந்து மாலை வண்டிக்குப் போட்டேன். டிக்கெட் எடுப்பதற்கு முன் நகரத்திலிருந்து அந்த ஸ்டேஷனுக்குப் போகும் பேருந்து நேரத்தைப் பார்த்து, ஒரு பேருந்து தவறினாலும் அடுத்ததில் போய்ச்சேரும்படி வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பேருந்திலேயே இடம் கிடைத்தது.